அப்பா சீரியஸ்

எட்மண்டன், லண்டன்
6 செப்ரெம்பர் 2024

ரவீன்,

நேற்றுச் செத்தவீட்டு மண்டப வாசலில் மிதுலன் என்னை மறித்தான். "குறை நினைக்காதேங்கோ கீர்த்தி அக்கா, ரவீன் அண்ணை உங்களை உள்ள விடவேண்டாமெண்டு சொன்னவர்" என்றான். பாவம், அவனுக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த மலர் வளையத்தை அவனிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். உம்முடைய அப்பாவின் பெட்டியை ஏற்றின வாகனம் என்னைத் தாண்டித்தான் போனது. நீர் முன் சீற்றில் இருந்தீர். என்னைக் கண்டீர் என்றுதான் நினைக்கிறேன்.

வட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டீர். போன் எடுத்தால் ரிங் போவதில்லை. ஆகவே இந்தக் கடிதம். நான் தமிழில் கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்றே நினைவில்லை. பிழை இருந்தால், நான் வளர்ந்த பேர்ண் நகரத்தில் எனக்குப் படிப்பித்த சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்து ரீச்சரைத் திட்டும்.

நடந்ததை ஒரு தடவை முழுதாகச் சொல்ல விடும். அன்று அந்தக் கேபிள்கார் நிலையத்தில் நீர் சொல்ல விடவில்லை.

போன மாதம் மலையேறப் போன அந்தச் சனிக்கிழமை நாங்கள் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு பனியாற்றைக் கடந்து பின்னேரம் மலைவிடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். நீரும் மிதுலனும் பெனிற்றாவும் சப்பாத்துக் கழற்றுகிற அறையில் நின்றீர்கள். விடுதிக்காரர் வந்து லண்டனிலிருந்து போன் என்று என்னைக் கூப்பிட்டார். எங்களில் ஜேர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. எடுத்தால் உம்முடைய தம்பி ஜதுசன். "அக்கா, அப்பா சீரியஸ். அண்ணையை உடன வரச் சொல்லுங்கோ" என்றான். அழுதுகொண்டிருந்தான். நான் வாய் திறக்க முதல் இணைப்பு அறுந்துவிட்டது.

ரவீன், எங்கள் ஆட்களில் "சீரியஸ், உடன வா" என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? செத்துப்போனார் என்று எவராவது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு நேரே சொல்லியிருக்கிறார்களா? என் அம்மா போனபோது நான் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் இருந்தேன். சித்தப்பா போன் எடுத்து "அம்மா சீரியஸ்" என்றார். ரயில் முழுக்க, அம்மா கண் முழித்ததும் என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த ரயில் பயணத்துக்காக நான் இன்னும் சித்தப்பாவை மன்னிக்கவில்லை.

ஜதுசன் சொன்னதும் நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அப்பா மோசம் போய்விட்டார், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பின்னேரம் பனி இளகிப்போயிருக்கும். வெடிப்புகளை மூடியிருக்கிற பனிப்பாலங்கள் ஆள் பாரம் தாங்காது. அந்த நேரத்தில் இறங்கினால் நால்வரில் ஒருவராவது உள்ளே போவோம். அழுகிற ஒருவரைக் கயிற்றின் கடைசியில் கட்டி இழுத்துக்கொண்டு போகவும் எனக்குத் துணிவு இல்லை. காலையில் பனி இறுகியிருக்கும்போது கடந்து, கயிறு அவிழ்த்த பிறகு சொல்வோம் என்று முடிவெடுத்தேன். உம்முடைய உயிருக்காகத்தான் எடுத்தேன்.

அவர் அப்போது உயிரோடு இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அதை மட்டுமாவது நம்பும்.

கீர்த்திகா

குட்மேய்ஸ்
12 செப்ரெம்பர் 2024

கீர்த்திகா அவர்களுக்கு,

நம்புகிறேன். உங்களுக்குத் தெரியாது என்பதை நம்புகிறேன். அதை வைத்து நான் என்ன செய்ய?

நீங்கள் முழுதாகச் சொல்லவில்லை. விட்ட இடங்களை நான் நிரப்புகிறேன். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நான் எப்படிச் சிரித்தேன் என்று எழுத மறந்துவிட்டீர்கள். விடுதியில் கொடுத்த செருப்பு இரண்டும் இடக்கால் செருப்பாக இருந்தது என்று மிதுலனோடு சேர்ந்து கூத்தடித்தேன். நீங்கள் அதைப் படம்கூட எடுத்தீர்கள். என் அப்பா செத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே என்னைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தீர்கள். பெனிற்றா கேட்காமலே என் கோப்பையில் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினா. அவவுக்கும் சொல்லியிருந்தீர்கள், இல்லையா? எனக்குத்தான் சொல்லவில்லை.

காலையில் பனியாற்றைக் கடந்து கயிற்றை அவிழ்த்ததும் என் தோளில் கை வைத்து "அப்பா போயிட்டார் ரவீன், நேற்றே" என்றீர்கள். நான் அந்தக் கல்லில் இருந்து ஐயோ ஐயோ என்று அழுதேன். நீங்கள் முதுகைத் தடவி "ஆறுதலா அழும், அவசரமில்லை" என்று சொன்னீர்கள். அந்த நேரம் என் அப்பா ஆஸ்பத்திரியில் கண் திறந்துகொண்டு கிடந்தார். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு என்னை ஒப்பாரி வைக்கப் பண்ணினீர்கள். எதிரிகூட அதைச் செய்யமாட்டான்.

கீழே நிலையத்துக்கு வந்து சிக்னல் கிடைத்து நான் போன் எடுத்தபோது ஜதுசன் "அண்ணை, இப்பத்தான்... அரை மணித்தியாலம்கூட இல்லை" என்றான். கல்லில் இருந்து அழுத நேரத்தில் ஓடி வந்திருந்தால் அவருடைய குரலையாவது கேட்டிருப்பேன்.

பின்னேரம் இறங்க ஏலாது என்கிறீர்கள். சரி. பனி இளகும், பாலம் உடையும், ஒத்துக்கொள்கிறேன். போனுக்கு நடுவிலும் பனி வெடிப்பு இருந்ததா? திருப்பி ஒரு தடவை எடுத்துக் கேட்பதற்கு என்ன தடை? என் கையில் அந்தப் போனைத் தந்திருந்தால் சனிக்கிழமை பின்னேரமே அப்பாவோடு கதைத்திருப்பேன்.

விடுமுறை வாரம் என்பதால் விமானத்தில் இடம் கிடைக்காமல் திங்கட்கிழமைதான் லண்டன் வந்தேன். வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜதுசன் நான் வந்தால் மற்ற அறைக்குப் போகிறான். பயணம் போனதற்கு இவ்வளவு கோபமா என்று தெரியவில்லை. அதையும் உங்கள் கணக்கில்தான் போட்டிருக்கிறேன்.

மேற்கொண்டு எழுத வேண்டாம்.

ரவீன்

எட்மண்டன்
16 செப்ரெம்பர் 2024

ரவீன்,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருப்பவளா நான்? "நீங்கள்" என்றும் "அவர்களுக்கு" என்றும் என்னைக் கவுன்சில் காரியாலயத்து ஆளாக்கிவிட்டீர். நல்லது. நான் "நீர்" என்றே எழுதுவேன்.

திருப்பி எடுத்துக் கேட்கவில்லை என்கிறீர். செத்தவீட்டுக்குப் போன் எடுத்து "உண்மையாகவே செத்துவிட்டாரோ?" என்று கேட்கிற ஆளை நீர் கண்டிருக்கிறீரா? நீர் கேட்பீரா? அந்த நேரம் வீட்டில் குளறிக்கொண்டிருப்பார்கள், போனைத் தூக்க ஆளிருக்காது என்றுதான் என் புத்தி சொன்னது. நம் ஆட்களின் புத்தி. உமக்கும் அதே புத்திதான்.

அதற்குச் சாட்சி நீரே. ஏறும்போது முதலாவது இளைப்பாறலில் பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டு நான் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். நீர் என்ன சொன்னீர்? "எனக்கு ஆரும் சீரியஸ் எண்டு சொன்னால் நான் உடன விளங்கிக்கொள்ளுவன் கீர்த்தி. வழி முழுக்க அந்தரப்படுத்தாமல் இறங்கின பிறகு சொன்னால் காணும்." நீர்தான் சொன்னீர். மிதுலனும் கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டு நின்றபோது என் காதில் ஒலித்தது அந்த வார்த்தைதான். நீர் கேட்டதைத்தான் நான் உமக்குச் செய்தேன்.

நீர் என்னை வாசலில் நிறுத்தினீர், ஆகவே இன்னொன்றும் சொல்லத்தான் போகிறேன். வியாழக்கிழமை அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை விமானம் ஏறியது நானா? ஜதுசன் போகவேண்டாம் என்று கெஞ்சினான் என்று லூட்டன் விமான நிலையத்தில் நீரே சொன்னீர். "அவர் மூண்டு வருஷமாப் போய்வாற ஆஸ்பத்திரிதானே, அங்க அவருக்கு மருமகன் மரியாதை" என்று சிரித்தீர். உம்முடைய வீட்டார் உம்மைப் பார்க்காததற்கும் நான்தான் காரணமா? அந்தக் கணக்கை என்னிடம் அனுப்ப வேண்டாம்.

எழுதி முடித்ததும் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. உமக்கும் கொஞ்சம் நோகட்டும்.

கீர்த்திகா

குட்மேய்ஸ்
25 செப்ரெம்பர் 2024

கீர்த்தி,

உம்முடைய கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பேரீச்சம்பழம் தின்றுகொண்டு சொன்ன ஒரு வார்த்தையை என் கழுத்தில் கயிறாகப் போட்டீர். அதைப் பிறகு பார்ப்போம். இப்போது ஒரு விஷயம் தெரியவேண்டும். உம்மை விட்டால் கேட்க ஆளில்லை.

நேற்று அம்மாவின் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தோம். நான் ஜதுசனிடம், எத்தனை நாளைக்கு இப்படிக் கதைக்காமல் இருக்கப் போகிறாய் என்று கேட்டேன். அவன் கையிலிருந்த தட்டை அப்படியே சிங்குக்குள் போட்டான்.

"அப்பாவோட கதைச்சுப்போட்டும் ஆறுதலாத் திங்கட்கிழமை வந்தனீ. உன்னோட என்னத்தக் கதைக்கிறது?"

"ஆர் கதைச்சது?"

"நடிக்காத அண்ணை. நான்தானே போனை அவற்ற காதில வைச்சனான்."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்கு நல்ல நினைவு வந்திருக்கிறது. "ரவீனோட ஒருக்காக் கதைக்கவேணும்" என்று கேட்டிருக்கிறார். என் மொபைல் வேலை செய்யாததால் ஜதுசன் மலைவிடுதி இலக்கத்துக்கு எடுத்திருக்கிறான். ஓர் ஆண் குரல் எடுத்தது. "ரவீன், ரவீன் பிளீஸ்" என்றானாம். அந்தக் குரல் ஏதோ சொல்லிவிட்டுப் போக, என்னைக் கூப்பிடத்தான் போகிறார்கள் என்று நினைத்து அப்பாவின் காதில் போனை வைத்திருக்கிறான். அப்பா கதைக்கத் தொடங்கிவிட்டார். "நீ வெளிய நில்லு" என்று இவனையும் அம்மாவையும் திரைக்கு அந்தப்பக்கம் அனுப்பியிருக்கிறார். கன நேரம் கதைத்தாராம். திரும்பிப் போனபோது போனைத் தந்துவிட்டு "பெரியவன் எல்லாத்தையும் கேட்டவன். ம், ம் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவன்" என்றாராம்.

அந்த நேரம் நாங்கள் பனியின் நடுவில் கயிற்றில் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தோம். என் அப்பா யாரோடு கதைத்தார் கீர்த்தி?

விடுதிக்காரரைக் கேளும். உமக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். இந்த ஒன்றையாவது செய்யும்.

ரவீன்

எட்மண்டன்
1 ஒக்ரோபர் 2024

ரவீன்,

எடுத்தேன். மூன்று நாளாகக் கிடைக்கவில்லை, விடுதியைக் குளிர்காலத்துக்கு மூடுகிற வேலையாம். இன்று காலை கிடைத்தார்.

என் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெரியவருக்குச் சுகமாகிவிட்டதா?" இல்லை என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் சொன்னதைச் சொல்கிறேன். நாங்கள் வெளிக்கிட்டுக் கன நேரத்துக்குப் பிறகு போன் வந்தது. உம்முடைய பெயர் மட்டும் விளங்கியது. நாங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறோமா என்று பார்க்க வெளியே போயிருக்கிறார். பனியில் நான்கு புள்ளிகள் தெரிந்தனவாம், கூப்பிட்டால் கேட்காத தூரம். அதைச் சொல்லத்தான் போனை எடுத்தார். அதற்குள் ஒரு வயதானவர் பேசத் தொடங்கியிருந்தார். இவர் இரண்டு தடவை குறுக்கிட்டு, அவர்கள் போய்விட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கம் பேச்சு நிற்கவில்லை.

உம்முடைய அப்பா காது மெசின் போட்டிருக்கமாட்டார், குரல் மட்டும் கேட்டிருக்கும், சொல் பிடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

"போனை வைத்துவிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டபிறகு வைக்க முடியவில்லை" என்றார். ஒரு சொல்லும் விளங்காமல் அப்படியே நின்றிருக்கிறார். உம்முடைய அப்பா நிறுத்தின இடங்களில் இவர் "ம்" என்றிருக்கிறார். இடையில் ஒரு தடவை அப்பா சிரித்தாராம். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டதாம். கடைசியில் உம்முடைய பெயரை இரண்டு தரம் சொன்னாராம். அவ்வளவுதான் ரவீன். வேறு ஒன்றும் விடுதிக்காரருக்குத் தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒரு சொல், ஒரு சத்தம், ஏதாவது நினைவிருக்கிறதா என்று கெஞ்சினேன். இல்லை என்றுவிட்டார்.

போனை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்து அழுதேன். போன கடிதத்தில் நான் எழுதின விமான நிலையக் கதையை அழித்துவிடும். அதை எழுதியிருக்கக்கூடாது.

இப்போது ஒரு வழிதான் தெரிகிறது. நான் ஃபாரஸ்ட் கேட்டுக்கு வருகிறேன். உம்முடைய அம்மாவுக்கும் ஜதுசனுக்கும் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்கிறேன். செய்தியை மறைத்தது நான், போனில் கதைத்தது நீர் இல்லை என்று சொல்கிறேன். என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். நீர் வீட்டில் நிமிர்ந்து இருக்கலாம். சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. ஓம் என்று ஒரு வரி எழுதும், காணும்.

கீர்த்திகா

குட்மேய்ஸ்
8 ஒக்ரோபர் 2024

கீர்த்தி,

வராதேயும்.

உம்முடைய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஃபாரஸ்ட் கேட் போனேன். நானே சொல்வதென்றுதான் போனேன். ஜதுசன் வேலைக்குப் போயிருந்தான். அம்மா முன்னறையில் அப்பாவின் உடுப்புகளை மடித்துப் பைகளில் வைத்துக்கொண்டிருந்தா. நானும் பக்கத்தில் இருந்து மடித்தேன். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டா.

"அப்பா என்ன சொன்னவர்?"

அப்பா செத்த பிறகு அம்மா என்னிடம் கேட்ட முதல் வார்த்தை அது. நான் வாயைத் திறந்தேன். "அம்மா, அண்டைக்கு..." என்று தொடங்கினேன். அவ கேட்கவில்லை. தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனா.

"நீ உடன வரேல்லை எண்டு எனக்குக் கோபந்தான். இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா மனிசன் நிம்மதியாத்தான் போனவர். பெரியவனோட கதைச்சிட்டன், இனிக் காணும் எண்டு சொல்லிப்போட்டுத் தண்ணி கேட்டவர். ரெண்டு முறடு குடிச்சவர். அதை நினைச்சுத்தான் நான் நித்திரை கொள்ளுறன்."

இதைக் கேட்ட பிறகு நீர் என்றால் என்ன சொல்லியிருப்பீர்? அப்பா கதைத்தது ஒரு வெள்ளைக்காரனோடு, அந்த மனிசனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று சொல்லியிருப்பீரா? என்னால் ஏலவில்லை. நான் ஒரு கதை சொன்னேன். அங்க குளிர், தலையை மூடிக்கொண்டு நட என்று சொன்னார் என்றேன். தம்பியோட கோபிக்காத என்றார் என்றேன். பின்வளவுக் கேற் பூட்டு இறுகிப்போச்சு, எண்ணெய் விடு என்று சொல்லிச் சிரித்தார் என்றேன். ஒரு தடவை சிரித்தார் என்று நீர் எழுதியிருந்தீர். அந்தச் சிரிப்புக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அம்மா அழுதுகொண்டு சிரித்தா. "அப்பிடித்தான் சொல்லுவார்" என்றா. பிறகு என் தலையைத் தடவினா.

ஆகவே, நான் தகப்பனோடு கதைத்துவிட்டும் ஆறுதலாக வந்த மகனாகவே இருந்துவிடுகிறேன். ஜதுசன் வாழ்நாள் முழுக்க என்னை அப்படித்தான் பார்ப்பான். பார்க்கட்டும். நீர் வந்து உண்மையைச் சொன்னால் என் பெயர் மிஞ்சும், அம்மாவின் நித்திரை போய்விடும். உம்முடைய மனப்பாரம் இறங்குவதற்கு அவவின் நித்திரையைத் தர நான் ஆயத்தமில்லை. பெனிற்றாவுக்கும் மிதுலனுக்கும்கூடச் சொல்ல வேண்டாம்.

உம்மை மன்னித்துவிட்டேனா என்று நீர் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குத் தெரியாது. நீர் கெட்டவர் இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் சீரியஸ் என்பதை அப்படித்தான் விளங்கியிருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்வது பொய் என்று தெரிந்த ஆள் லண்டனில் நீர் ஒருவர்தான். உம்முடைய முகத்தைப் பார்த்தால் என்னால் அடுத்த தடவை அந்தக் கதையைச் சொல்ல ஏலாது. அம்மா அடுத்த தடவையும் கேட்பா. ஆகவே இனி எழுதவும் வேண்டாம், கோயிலிலோ கடைத்தெருவிலோ கண்டால் கதைக்கவும் வேண்டாம். இது கோபத்தில் சொல்வதில்லை.

நேற்றும் போயிருந்தேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு அம்மா எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னா. தலையை மூடச் சொன்னது, தம்பி, கேற் பூட்டு, ஒன்றும் மாறாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அதுக்கு நீ என்ன சொன்னனீ?" என்றா.

"ம் எண்டனான் அம்மா" என்றேன். "வேற ஒண்டும் சொல்லேல்லை."

ரவீன்